இடதுகைக்காரர்களுக்கான போல்ட் ஆக்‌ஷன் ரிம்ஃபயர் ரைஃபிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போல்ட் கைப்பிடி, அதாவது ஒவ்வொரு முறையும் கையால் இயக்கித் தோட்டாவை ஏற்றி இறக்கும் பிடி, இடப்பக்கம் இருந்தால் போதும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வாங்கிவிடுகிற இடதுகைக்காரர்கள் நிறைய. சந்தையில் நமக்கென்று வருவதே கொஞ்சம் என்பதால் கிடைத்ததே பெரிது என்ற மனநிலை வந்துவிடுகிறது. வலதுகைக்காரர் ஒரு ரைஃபிளை எத்தனை குறை சொல்லி ஒதுக்குவாரோ அத்தனை குறையும் சொல்லும் உரிமை நமக்கும் உண்டு. கீழே உள்ள பதில்கள் அந்த எண்ணத்தோடு எழுதியவை.

நான் இடது கையால் எழுதுகிறேன். அப்படியானால் இடதுகை ரைஃபிள்தான் வாங்க வேண்டுமா?

முதலில் கண்ணைப் பாருங்கள், கை அப்புறம். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களுக்கு நடுவே ஒரு சின்ன இடைவெளி விட்டு, அதன் வழியே தூரத்தில் இருக்கும் ஏதாவது ஒன்றை இரு கண்களாலும் பாருங்கள். இப்போது ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது அந்தப் பொருள் இடைவெளிக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான் உங்கள் ஆதிக்கக் கண். இடது கை, இடது கண் என்றால் யோசிக்கவே வேண்டாம், இடதுகை ரைஃபிள்தான்.

இடது கைப் பழக்கம் இருந்தும் வலது கண் ஆதிக்கமாக இருப்பவர்கள் கணிசமாக உண்டு, சிக்கல் அவர்களுக்குத்தான். இன்னும் சுடவே தொடங்கவில்லை என்றால் வலது தோளில் பழகிப் பார்க்கலாம். ட்ரிகரை இழுப்பது எழுதுவதைப்போல நுணுக்கமான கைவேலை இல்லை, சீக்கிரம் பழகிவிடும். ஏற்கெனவே இடது தோளில் பழகிவிட்டவர் ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) போட்டால் தொல்லை பெரும்பாலும் தீரும், ஏனென்றால் ஸ்கோப்பின் குறியை ஒரு கண்தான் பார்க்கிறது. திறந்த சைட் (தொலைநோக்கி இல்லாத வெறும் குறிமுனைகள்) வைத்துச் சுடுகிறவர் கண்ணாடியின் வலப்பக்க வில்லையில் ஒளி மட்டும் ஊடுருவும் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொள்ளலாம். இதேபோல, வலது கையால் எல்லா வேலையும் செய்கிற, ஆனால் இடது கண் ஆதிக்கமாக உள்ள ஒருவருக்கு இடதுகை ரைஃபிள் நன்றாகப் பொருந்திவிடுவதும் உண்டு.

வலதுகை ரைஃபிளையே இடது தோளில் வைத்துச் சுட்டால் என்ன?

சுடலாம், எத்தனையோ பேர் ஆயுள் முழுக்க அப்படித்தான் சுடுகிறார்கள். தொல்லைகள் மூன்று. ஒவ்வொரு முறையும் ட்ரிகர் கையை எடுத்து ரைஃபிளின் மேலே குறுக்காகக் கொண்டுபோய் போல்ட்டை இழுக்க வேண்டும். கன்னம் ஸ்டாக்கை (தோளில் வைக்கும் கட்டைப் பகுதியை) விட்டு எழும், தோள் நகரும், அடுத்த சுடுதலுக்கு உடம்பை முதலிலிருந்து அமைக்க வேண்டும். இரண்டாவது, இடது தோளில் வைக்கும்போது உங்கள் முகம் ரைஃபிளின் வலப்பக்கத்தில் இருக்கிறது. காலித் தோட்டாவை வெளியே தள்ளும் வாயும் அதே பக்கம். ரிம்ஃபயர் என்றால் அடிவிளிம்பில் ஊசி அடித்துத் தீ மூட்டும் தோட்டா; அந்த விளிம்பு மெல்லிய பித்தளை, அபூர்வமாகக் கிழிவதும் உண்டு. அப்படிக் கிழிந்தால் சூடான வாயுவும் துகளும் முகத்துப் பக்கம் வரும். அதனால்தான் கண் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் யாருமே சுடக் கூடாது, இந்த நிலையில் சுடுகிறவர் கண்டிப்பாகக் கூடாது. மூன்றாவது ஸ்டாக், அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

நான் பெஞ்சில் உட்கார்ந்து மட்டும்தான் சுடுவேன். எனக்கும் இது பொருந்துமா?

இங்கே கதை கொஞ்சம் மாறும். முன்னால் தாங்கி வைத்து, பெஞ்சில் ரைஃபிள் அசையாமல் கிடக்கும்போது உங்கள் வலது கைக்கு வேலை இல்லை. இடது கை பிடியில் அப்படியே இருக்க, வலது கையால் வலப்பக்க போல்ட்டை இயக்கிக்கொண்டே போகலாம், கன்னத்தையும் எடுக்க வேண்டாம். பெஞ்சுப் போட்டியாளர்கள் சிலர் போல்ட்டை ஒரு பக்கமும் தோட்டா வாயை இன்னொரு பக்கமும் வைத்து, போல்ட் ஓடும் உலோக உடம்பான ஆக்‌ஷனையே தனியாகச் செய்து வாங்குவது இந்தக் காரணத்துக்காகத்தான். அதனால் பெஞ்சு மட்டும்தான் என்று உறுதியாகத் தெரிந்தால், வலதுகை ரைஃபிளில் ஸ்டாக்கை மட்டும் இருபக்கமும் சமமான ஒன்றாக மாற்றிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். நின்றோ மண்டியிட்டோ குப்புறப் படுத்தோ சுடும் ஆசை கொஞ்சமாவது இருந்தால் இந்த வழி வேண்டாம்.

எந்தத் தோட்டாவுக்கான ரைஃபிள் வாங்குவது?

முதல் ரைஃபிள் என்றால் .22 எல்ஆர், அதாவது லாங் ரைஃபிள். 1887-ல் வந்த தோட்டா. வழக்கமான குண்டு 2.6 கிராம், உதை என்று சொல்லும்படி எதுவும் இல்லை, சத்தம் குறைவு, இலக்குச் சுடுதலுக்கென்றே செய்யப்படும் தோட்டா ரகங்கள் வேறு எந்த ரிம்ஃபயரிலும் இவ்வளவு கிடையாது.

.22 டபிள்யூஎம்ஆர், மேக்னம் என்று சொல்வது, 1959-ல் வந்தது. அதே எடைக் குண்டை நொடிக்கு ஏறக்குறைய 570 மீட்டர் வேகத்தில் தள்ளும். .17 ஹெச்எம்ஆர் 2002-ல் வந்தது. மேக்னத்தின் பித்தளைக் கூட்டையே கழுத்தில் ஒடுக்கிச் செய்தது. 1.1 கிராம் குண்டு நொடிக்கு 775 மீட்டருக்குப் பக்கத்தில் போகும், 100 மீட்டர் தாண்டியும் பாதை தட்டையாக இருக்கும், ஆனால் காற்று அடித்தால் அந்த லேசான குண்டு ஒதுங்கிவிடும். பயிரை அழிக்கும் சிறு பிராணிகளைச் சட்டப்படி கட்டுப்படுத்துகிறவர்களுக்கு இவை இரண்டும் சரி. காகித இலக்கில் மணிக்கணக்காகப் பழகுகிறவருக்குத் தேவையில்லை, செலவும் கூடும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். .22 எல்ஆர் தோட்டாவை மேக்னம் ரைஃபிளில் போட்டுச் சுடக் கூடாது. உள்ளே போய் உட்காரும், ஆனால் தோட்டா உட்காரும் அறை அகலம் என்பதால் கூடு பிளந்துவிடும்.

‘லெஃப்ட் ஹேண்ட்’ என்று பெட்டியில் எழுதியிருந்தால் எல்லாமே இடதுகைக்கு ஏற்றதா?

இல்லை. கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். போல்ட் இடப்பக்கம் இருக்கிறது, சரி. தோட்டா வாய் எந்தப் பக்கம்? சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு) எங்கே இருக்கிறது, இடது கட்டைவிரல் பிடியை விடாமல் அதைத் தொடுகிறதா? போல்ட்டைக் கழற்றும் பொத்தான், மகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) கொக்கி எல்லாம் கைக்கு வருகிறதா?

அப்புறம் ஸ்டாக். வலதுகை ஸ்டாக்கில் கன்னம் வைக்கும் மேடு இடப்பக்கம் இருக்கும், பிடியில் உள்ளங்கைக்கான புடைப்பு வலப்பக்கம் இருக்கும், பின்பகுதி லேசாக வலப்பக்கம் வளைந்திருக்கும். இடதுகை ரைஃபிளில் இவை எல்லாமே இடம் மாறியிருக்க வேண்டும். சில மாடல்களில் செலவைக் குறைக்க, இரு கைக்கும் பொதுவான ஸ்டாக் ஒன்றைச் செய்து இரண்டு ஆக்‌ஷனுக்கும் மாட்டிவிடுகிறார்கள். அது மோசம் என்று சொல்ல மாட்டேன், சமச்சீரான நல்ல ஸ்டாக் யாருக்கும் பொருந்தும். ஆனால் வலதுகைக்காரருக்கான மேடு வைத்த ஸ்டாக்கில் இடதுகை ஆக்‌ஷனை இறக்கி விற்றால், அது உங்கள் கன்னத்தைத் தப்பான இடத்தில் நிறுத்தும், ஒவ்வொரு முறை சுடும்போதும் கழுத்து அதை ஈடுகட்டிக்கொண்டிருக்கும். பழைய ரைஃபிள்களில் இந்தக் கலப்படம் அடிக்கடி கண்ணில் படும்.

பொருத்தம் பார்க்க எளிய வழி: காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, பாதுகாப்பான திசையில் நீட்டி, கண்ணை மூடித் தோளில் வைத்துக் கன்னத்தை இறக்கி, பிறகு கண்ணைத் திறங்கள். ஸ்கோப்பின் நடுவில் முழு வட்டமும் தெரிந்தால் ஸ்டாக் உங்களுக்கானது. தலையை நகர்த்தித் தேட வேண்டியிருந்தால், அது இல்லை.

தரம் என்றால் நிஜமாகவே எதைப் பார்ப்பது?

பேரலும் (குண்டு போகும் குழல்) அறையும்தான் முதலில். மரத்தின் ரேகை அழகைப் பார்த்து மயங்குகிறவர்கள்தான் அதிகம் (நானும் நல்ல வால்நட் கட்டையைப் பார்த்தால் இரண்டு நிமிடம் நின்றுவிடுவேன்), ஆனால் குண்டு துளைக்கும் இடத்தை மரம் தீர்மானிப்பதில்லை. பேரலின் வாய் விளிம்பு சீராக வெட்டப்பட்டிருக்க வேண்டும். குண்டு கடைசியாகத் தொடும் இடம் அதுதான், அங்கே ஒரு பிசிறு இருந்தால் பின்னால் வரும் வாயு குண்டை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சியை வாய் விளிம்பில் சுற்றிலும் இழுத்துப் பாருங்கள், பஞ்சு நூல் எங்காவது மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது. ரைஃபிள் வெறுமையாக, போல்ட் கழற்றிய நிலையில் இருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள்.

ரிம்ஃபயரில் வெடிப்பொருள் தோட்டாவின் அடிவிளிம்புக்குள் இருக்கிறது, ஊசி அந்த விளிம்பை நசுக்கித்தான் தீ மூட்டுகிறது. அந்த விளிம்பின் தடிமன்தான் தோட்டா அறையில் எவ்வளவு ஆழத்தில் நிற்கும் என்பதையும் முடிவு செய்கிறது. .22 எல்ஆருக்கு இது சுமார் 1.1 மில்லிமீட்டர். போல்ட்டின் முகத்துக்கும் பேரலுக்கும் நடுவே அந்த இடைவெளி அதிகமானால் ஊசி அடிக்கும் அடி மாறிக்கொண்டே இருக்கும், குண்டின் வேகமும் மாறும், 50 மீட்டரில் குண்டுகள் மேலும் கீழுமாக விழும். மலிவான ரைஃபிள்களில் ‘இன்றைக்கு நன்றாகச் சுட்டது, நேற்று சுடவில்லை’ என்று வரும் புலம்பல்களில் ஒரு பங்கு இங்கிருந்து வருவதுதான்.

அடுத்து, பேரலும் ஸ்டாக்கும் எங்கே தொடுகின்றன என்று பாருங்கள். பல ரைஃபிள்களில் பேரல் ஸ்டாக்கைத் தொடாமல் மிதக்க வேண்டும். ஒரு தாளை நடுவில் நுழைத்து ஆக்‌ஷன் வரை இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சில மாடல்களில் வேண்டுமென்றே ஒரு தாங்கு முனை வைத்திருப்பார்கள், அது வேறு.

ட்ரிகர் எவ்வளவு லேசாக இருக்க வேண்டும்?

எடையைவிட முக்கியம், அது எப்படி விடுகிறது என்பது. இழுக்க இழுக்க மணலில் கால் வைப்பதுபோல் கரகரவென்று நகரும் ட்ரிகர் 1 கிலோவில் இருந்தாலும் பயன் இல்லை. அசைவே தெரியாமல் நின்று சட்டென்று உடையும் 1.5 கிலோ ட்ரிகர் எவ்வளவோ மேல். பழகுபவருக்கு 1 முதல் 1.5 கிலோ வரை பாதுகாப்பான, வசதியான அளவு. போட்டி ரைஃபிள்களில் அதைவிட மிகக் குறைவாக இருக்கும், அது அனுபவம் உள்ள விரலுக்கு. ரைஃபிளுடன் வரும் ட்ரிகரை நாமே திருகு வைத்து மாற்ற முடிகிறதா என்று கேளுங்கள். கையேட்டில் சொன்ன எல்லைக்குள் மட்டும் மாற்றுங்கள், ஸ்பிரிங்கை வெட்டி லேசாக்கும் வித்தை வேண்டவே வேண்டாம்.

சரி, பெயர் சொல்லுங்கள். எந்த மாடல்களைப் பார்ப்பது?

நடுத்தர வரிசையில் முதலில் பார்க்க வேண்டியது செக் குடியரசின் சிஇசட் 457. இடதுகை ஆக்‌ஷனோடு வருகிறது, போல்ட் 60 பாகைதான் தூக்க வேண்டும் என்பதால் ஸ்கோப்பின் பின்பகுதியில் விரல் இடிக்காது, ட்ரிகரை மாற்றிக்கொள்ளலாம், பேரல் இந்த விலைத் தட்டுக்கு மிக நன்றாக இருக்கும். இதற்கு முந்தைய 452, 455 வரிசைகள் பழைய கைகளில் இன்னும் நிறைய உண்டு. அவற்றில் சேஃப்டி தலைகீழ், பின்னால் இழுத்தால் சுடும் நிலை. முன்னால் தள்ளினால் சுடும் நிலை என்று பழகியவர் இதைக் கண்டிப்பாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 457-ல் இதை மாற்றிவிட்டார்கள்.

குறைந்த செலவில் வேண்டுமென்றால் சாவேஜ் மார்க் 2. கனடாவின் லேக்ஃபீல்டில் செய்யப்படுவது. தொட்டுப் பார்த்தால் பளபளப்பு இருக்காது, போல்ட் கொஞ்சம் முரடாக ஓடும், ஸ்டாக் சில ரகங்களில் வெற்று பிளாஸ்டிக் உணர்வைத் தரும். ஆனால் அக்யூட்ரிகர் என்ற அவர்களுடைய ட்ரிகர் நன்றாக இருக்கும், இலக்கில் சுடும் விதம் விலைக்கு மேல். இடதுகை ரிம்ஃபயர் செய்வதில் நீண்ட காலமாக விடாமல் நிற்கும் நிறுவனங்களில் இதுவும் ஒன்று, அந்த மரியாதை என்னிடம் உண்டு.

மேலே போனால் ஜெர்மனியின் அன்ஷுட்ஸ். 1856-ல் தொடங்கிய நிறுவனம், இப்போது உல்ம் நகரில் இருக்கிறது. இவர்களுடைய 54 ஆக்‌ஷன்தான் பல பத்தாண்டுகளாக 50 மீட்டர் போட்டிகளின் அளவுகோல். போட்டி மாடல்களில் இடதுகை வடிவம் ஒப்புக்குச் செய்ததாக இருக்காது, ஸ்டாக், பிடி, கன்ன மேடு எல்லாமே கண்ணாடியில் பார்ப்பதுபோல மாறியிருக்கும். 64 ஆக்‌ஷன் வரிசை அதைவிடச் சிக்கனம், அதுவும் நல்லதுதான். துல்லியமே வேலை என்றால் இதோடு தேடலை நிறுத்திக்கொள்ளலாம்.

பிரவுனிங் டி-போல்ட் இடதுகையிலும் வருகிறது. ஆனால் இது போல்ட்டைத் தூக்காமல் நேராகப் பின்னால் இழுக்கும் வகை. சிலருக்கு ரொம்பப் பிடிக்கும், வழக்கமான போல்ட்டைத்தான் பழக வேண்டும் என்று நினைப்பவருக்கு ஒத்துவராது. கடைசியாக வூடூ வி-22. பெரிய ரைஃபிள்களின் ஸ்டாக்கும் ட்ரிகரும் பொருந்தும்படி செய்த விலையுயர்ந்த ஆக்‌ஷன், இடதுகையில் செய்து தருகிறார்கள். தொலைதூர ரிம்ஃபயர் போட்டிக்குப் போகிறவர் தவிர மற்றவர்கள் பார்த்து ரசித்தால் போதும்.

ஏன் இடதுகை மாடல்களுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது, விலையும் கூடுகிறது?

பத்தில் ஒருவர்தான் இடதுகைக்காரர். ஆக்‌ஷன், போல்ட், சேஃப்டி, ஸ்டாக் எல்லாவற்றையும் தனியாகச் செய்ய வேண்டும், அதைச் சிறு தொகுதிகளாகத்தான் செய்கிறார்கள். ஒரு தொகுதி தீர்ந்தால் அடுத்தது வரும்வரை இல்லை.

வலதுகை ரைஃபிளை இடதுகைக்கு மாற்றித் தருவார்களா?

நடைமுறையில் இல்லை. தோட்டா வாய், போல்ட் கைப்பிடிக்கான வெட்டு எல்லாம் ஆக்‌ஷன் உடம்பிலேயே இருக்கின்றன.

கனமான பேரலா, மெல்லியதா? எவ்வளவு நீளம்?

.22 எல்ஆரில் மருந்து ரொம்பக் கொஞ்சம், 40 முதல் 50 சென்டிமீட்டர் நீளத்துக்குள்ளேயே அது தன் வேலையை முடித்துவிடும். அதற்கு மேல் நீளம் இருந்தால் வேகம் கூடாது. திறந்த சைட் வைப்பவருக்கு இரண்டு சைட்டுக்கும் இடையே தூரம் கூடும், அது மட்டுமே லாபம். கனமான பேரல் பெஞ்சிலும் குப்புறப் படுத்தும் அசையாமல் நிற்கும், நடந்துகொண்டே தூக்கிப் போக வேண்டியவருக்குத் தோள் வலிக்கும். பயன்பாட்டை நீங்களே முடிவு செய்யுங்கள். மெல்லிய பேரல் என்பதால் துல்லியம் இல்லை என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

ஸ்கோப் வாங்கும்போது இடதுகைக்காரர் கவனிக்க ஏதாவது உண்டா?

குறியை இடமும் வலமும் நகர்த்தும் குமிழ் பெரும்பாலான ஸ்கோப்களில் வலப்பக்கம் இருக்கும், இடதுகைக்காரருக்குத் தாங்கும் கை வலது என்பதால் இது உண்மையில் வசதிதான். இடப்பக்கம் இருக்கும் குவியக் குமிழ்தான் போல்ட் கையின் பாதையில் வரும், பெரிய சக்கரம் மாட்டினால் இடிக்கிறதா என்று பாருங்கள். மற்றபடி, பெரிய ரைஃபிளுக்கான ஸ்கோப்பை எடுத்து மாட்டாதீர்கள்; அவற்றின் இடமாறு தோற்றப் பிழை (கண் நகர்ந்தால் குறியும் நகர்வதுபோல் தெரிவது) 100 மீட்டர் அளவுக்குச் சரிசெய்யப்பட்டிருக்கும், ரிம்ஃபயர் ஸ்கோப்பில் 50-க்குப் பக்கத்தில். சிஇசட், அன்ஷுட்ஸ் போன்றவற்றில் ஸ்கோப் மாட்ட 11 மில்லிமீட்டர் அளவுள்ள தண்டவாளம், சாவேஜில் திருகித் தனியாக மாட்டும் அடிப்பகுதி. ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையம் வாங்கும் முன் இதைப் பாருங்கள்.

வாங்கிய பிறகு எவ்வளவு துல்லியம் எதிர்பார்க்கலாம்?

நல்ல தொழிற்சாலை ரைஃபிள், அதற்குப் பிடித்த தோட்டா, பெஞ்சு, காற்றில்லாத காலை. இவை சேர்ந்தால் 50 மீட்டரில் 5 குண்டுகள் 15 முதல் 20 மில்லிமீட்டருக்குள் விழ வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, சர்வதேசப் போட்டிகளில் 50 மீட்டர் இலக்கின் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்.

‘பிடித்த தோட்டா’ என்றேன், அது விளையாட்டுப் பேச்சு இல்லை. ஒரே மாடல், அடுத்தடுத்த எண் கொண்ட இரண்டு ரைஃபிள்கள்கூட வேறு வேறு தோட்டாவை விரும்பும். பல நிறுவனங்களின் தோட்டாவை ஒரு பெட்டி வீதம் வாங்கி, ஒவ்வொன்றிலும் பல முறை 5 குண்டுகள் சுட்டு ஒப்பிடுங்கள். வேகமான ரகத்தைவிட சாதாரண வேக ரகமே பெரும்பாலும் ஜெயிக்கும். ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர். வேகமான குண்டு அதற்கு மேலே கிளம்பி 100 மீட்டருக்குள் அதற்குக் கீழே இறங்கும்போது தடுமாறுகிறது. சாதாரண வேகக் குண்டு தொடக்கத்திலேயே அதற்குக் கீழே இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. பிடித்த தோட்டா தெரிந்ததும் அதே தயாரிப்புத் தொகுதி எண்ணில் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சிறு வயதினருக்கு?

சாவேஜ் ராஸ்கல் இடதுகையிலும் உண்டு, ஒரு முறைக்கு ஒரே தோட்டா போடும் சின்ன ரைஃபிள். பெரியவரின் ரைஃபிளைக் கொடுத்துப் பழக்கினால் ஸ்டாக் நீளம் எட்டாமல் உடம்பைப் பின்னால் வளைத்து நிற்கப் பழகிவிடுவார்கள், பிறகு அதை மாற்றுவது கஷ்டம். பெரியவர் பக்கத்தில் நிற்பதும், உங்கள் நாட்டுச் சட்டம் எந்த வயதில் அனுமதிக்கிறது என்று முதலில் பார்ப்பதும் சொல்லாமலே தெரிய வேண்டியவை.

தோட்டா இல்லாமல் ட்ரிகர் பழகலாமா?

கையேடு சரி என்று சொன்னால் மட்டும். ரிம்ஃபயரில் ஊசி அடிப்பது விளிம்பை. தோட்டா இல்லாவிட்டால் சில ரைஃபிள்களில் அது அறையின் வாயிலேயே இடித்துக் குழி விழவைக்கும். போலித் தோட்டா போட்டுப் பழகுங்கள்.

ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய இடதுகை ரைஃபிள் கிடைக்கிறது. எடுக்கலாமா?

எடுக்கலாம், அதுவும் பழைய அன்ஷுட்ஸ் என்றால் தாராளமாக. ரிம்ஃபயர் பேரல் ஈயக் குண்டில் தேய்வது மிக மெதுவாகத்தான். கெடுவது பெரும்பாலும் துருவாலும், வாய்ப் பக்கமிருந்து இரும்புக் கம்பி விட்டுக் குத்திக் குத்திச் சுத்தம் செய்ததாலும். போல்ட்டைக் கழற்றிவிட்டு, பின்னாலிருந்து விளக்கு வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள். அறையின் விளிம்பில் ஊசி அடித்த குழி இருக்கிறதா, நீண்ட காலம் சிறிய .22 ஷார்ட் தோட்டா சுட்டதால் அறைக்குள் வளையமாக அரிப்பு இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் லாங் ரைஃபிள் கூடு சுட்டபின் ஒட்டிக்கொண்டு வெளியே வராது. முடிந்தால் 10 தோட்டாவாவது சுட்டுப் பார்த்து, காலிக் கூடுகளைப் பொறுக்கி அடிவிளிம்பில் ஊசித் தடம் எல்லாவற்றிலும் ஒரே ஆழத்தில் இருக்கிறதா என்று வரிசையாக வைத்துப் பாருங்கள். மகசின் கூடவே வருகிறதா என்று கேளுங்கள், பழைய மாடல்களுக்கு அதைத் தனியாகத் தேடுவதுதான் பெரிய பாடு. உரிமமும் பெயர் மாற்றமும் உங்கள் ஊர்ச் சட்டப்படி முடியும்வரை பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.